அடி உப்பிய பெட்டி

கமலாசனி ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் பார்ப்பது ஆட்களை அல்ல, மூலையை. மூலையில் வெறும் காட்போட் பெட்டி ஏதும் கிடந்தால் சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான்.

“உது என்ன பெட்டி பிள்ளை? பால்மாவோ? சும்மாதானே கிடக்குது?”

சும்மா கிடக்கவில்லை, உள்ளே உடுப்பு இருக்கிறது என்று சொன்னாலும் தப்ப முடியாது. உடுப்பை எடுத்துக் கதிரையில் வைத்துவிட்டு, பெட்டியைக் கவிழ்த்து, அடியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். “இரட்டை மட்டை. இதைப் போய் இப்பிடி மூலைக்குள்ள போட்டு வைச்சிருக்கிறியள், பாவம்.” பாவம் என்றது உடுப்பை அல்ல.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வீதியில் இறங்கி, வாய்க்கால் கரையால் உள்ளே நடந்தால் இரண்டாம் வாய்க்கால் குடியேற்றம். நாற்பது வீடு இருக்கும். கமலாசனி செய்த பெட்டி இல்லாத வீடு அதில் ஒன்றிரண்டுதான். அந்த வீட்டுக்காரரும் அவர் வரும்போது கொஞ்சம் பதுங்கித்தான் இருப்பார்கள். மிளகாய்த்தூள், மல்லித்தூள் போத்தல்கள் சாயாமல் நிற்கக் குசினியில் அறை பிரித்த பெட்டி. பிள்ளைகளின் கொப்பிகள் நிமிர்ந்து நிற்க ஒன்று. முன்பள்ளியில் இருபத்திரண்டு பிள்ளைகளின் கரண்டிக்கும் கோப்பைக்கும் இருபத்திரண்டு அறையோடு ஒன்று. வாசிகசாலை பார்க்கிறவரின் மூக்குக்கண்ணாடிக்குக்கூட ஒன்று. அதை எங்கே வைத்தார் என்று அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

பெட்டி வருவது மாங்குளச் சந்தியில் நவ்பரின் கடையிலிருந்து. நவ்பர் முல்லைத்தீவில் பிறந்து, புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து கடை போட்டவர். கதையும் அப்படியே. பாதி இங்கத்தையது, பாதி அங்கத்தையது.

“அக்கா, சவுக்காரப் பெட்டி ரெண்டு ஒங்களுக்கெண்டு எடுத்து வெச்சிருக்கன். பிஸ்கட் பெட்டி வேணாமா?”

“பிஸ்கட் பெட்டி ஆருக்கு வேணும் தம்பி? கையில எடுக்கவே கூனிப்போடும். சவர்க்காரப் பெட்டியெண்டால் பாரம் தாங்கிப் பழகினது.”

“மாப்பிள்ள பாக்கிற மாதிரியெல்லோ பெட்டி பாக்கிறீங்க!”

“மாப்பிள்ளையை நான் இவ்வளவு பாத்துக் கட்டேல்லத் தம்பி.”

நவ்பர் இதை வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்வார். மாப்பிள்ளைக்கும் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை, அதாவது கமலாசனியின் புருசன் சிற்றம்பலம், “ம்” என்றாராம். சிற்றம்பலத்தைப் போலப் பேசிக் காட்டுவது சுலபம். வாயைத் திறக்காமல் தூரத்து வயலைப் பார்த்துக்கொண்டு “ம்” என்றால் பாதி முடிந்தது. மிச்சப் பாதி தொண்டையைச் செருமுவது.

கமலாசனி தன் முதல் பெட்டியைச் செய்தது போரில் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாமில். தறப்பாள் கூடாரத்துக்குச் சுவர் இல்லை. சுவர் இல்லாததால் ஆணி இல்லை. ஆணி இல்லாததால் எதையும் தொங்கவிட முடியாது. சவர்க்காரமும் சீப்பும் பிள்ளையின் பென்சிலும் நிலத்தில் புழுதியோடு புழுதியாகக் கிடந்தன. நிவாரணச் சாமான் வந்த பெட்டி ஒன்றை வெட்டி, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, நாலு அறை பிரித்தார். அடுத்த கூடாரத்துப் பெண் வந்து பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று கேட்டார். முகாமைப் பற்றி யார் கேட்டாலும் கமலாசனி சொல்வது இந்தப் பெட்டியைப் பற்றி மட்டும்தான்.

இப்போது சோற்றுப் பருக்கை இல்லை. வேப்பிலை அவித்த தண்ணீரில் கோதுமை மாவைக் கரைத்துக் காய்ச்சிய பசை. கறையான் கிட்ட வராது. பெட்டியின் பக்கங்களில் மட்டையின் உள்வரி மேலும் கீழுமாக நிற்க வேண்டும். படுத்தால் பெட்டி வயிறு தள்ளும். அடிக்கு மூன்று மட்டை, ஒன்றின் வரிக்குக் குறுக்கே மற்றதின் வரி வர ஒட்ட வேண்டும். ஒட்டின கையோடு வேப்பமர நிழலில் வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றி இரண்டு நாள் விட வேண்டும். அவர் செய்த பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்று யோகலிங்கம் பல்ப் மாற்றியிருக்கிறார். யோகலிங்கம் பக்கத்து வளவுக்காரர், எண்பத்தைந்து கிலோ. அந்தப் பல்ப் எரிகிறதோ இல்லையோ, அந்தக் கதை இன்னும் எரிகிறது.

இவ்வளவு இருந்தும் ஊர் முழுக்கப் பெட்டி கொடுத்த கமலாசனியின் சொந்த வீட்டில், வாசல் நிலையோடு ஓர் ஆணி. ஆணியில் ஒரு பை. அது சிற்றம்பலத்தின் பை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, குடும்ப அட்டை, மகள் கௌசலாவின் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை, காணிப் பெர்மிற் எல்லாம் அதற்குள். வன்னியில் அப்படி ஒரு பை தொங்காத வீடு குறைவு. ஓடுகிறபோது கை போகும் இடத்தில் தொங்க வேண்டும். வேறு விளக்கம் தேவையில்லை.

“இப்ப எங்கயப்பா ஓடப் போறியள்? கிளிநொச்சிக்கே பஸ்ஸைப் பிடிக்க மாட்டியள்.”

“ம்.”

“ஒரு கடதாசி எடுக்கிறதெண்டால் முழுப் பையையும் கட்டிலில கொட்டவேண்டிக் கிடக்கு. ஆளுக்கொரு அறை வைச்சு நான் பெட்டி செய்து தாறன்.”

“செய்யும்.”

இந்த ஒரு சொல்லுக்காகக் கமலாசனி பல வருசம் காத்திருந்தார் என்பது யோகலிங்கத்தின் கணிப்பு.

சிறுபோகம் வெட்டி முடிந்த கிழமை அவர் அந்தப் பெட்டியைச் செய்தார். நவ்பர் கொடுத்த சவர்க்காரப் பெட்டி, ஏழு அறை, வெளியே பழைய நீலப்பூச் சீலை ஒட்டி வலு வடிவு. ஆனால் காய்ந்து குழவியை எடுத்தபோது அடி உப்பியிருந்தது. நடுவில், ஒரு கை அகலத்துக்கு. கமலாசனியின் கையில் பெட்டி அடி உப்பியது அதுதான் முதல் தடவை.

“நவ்பர் ஈரப் பெட்டியைத் தந்திட்டான்” என்று முடிவு செய்தார். மற்றப் பெட்டியை வெட்டி, அதே அளவில், அதே சீலையில் இன்னொன்று செய்தார். அது உப்பவில்லை. கடதாசிகளைப் பையிலிருந்து அதற்கு மாற்றி, அலுமாரிக்கு மேல் வைத்தார். உப்பிய பெட்டியின் அறைத் தட்டுகளைப் பிடுங்கி, வைக்கோல் போட்டு, குசினி மூலையில் கறையானுக்குப் பயந்து கல்லுக்கு மேல் தூக்கி வைத்தார். செங்கோழி அடைக்குக் கத்திக்கொண்டு திரிந்த நேரம் அது. பதினொரு முட்டை வைத்துக் கோழியை இருத்தினார்.

பிறகுதான் அறிவித்தல் வந்தது. வியாழக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் காணி நடமாடும் சேவை. பெர்மிற் மூலப்பிரதியைக் கொண்டு வருபவர்களின் விண்ணப்பம் அன்றே எடுக்கப்படும். சிற்றம்பலத்தின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி, அரசாங்கம் பெர்மிற் கொடுத்த காணி. தகப்பனுக்குப் பிறகு சிற்றம்பலத்தின் பெயருக்கு மாறியது. அவருக்குப் பின்னால் உரிமை போகும் பின்னுரித்தாளராகக் கௌசலாவின் பெயரைப் பதிய வேண்டும். கௌசலா பூநகரியில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். அரை ஏக்கரில் ஒரு வீடு கட்டிக்கொண்டு இங்கே வர ஆசை. பெயர் பதியாமல் ஒரு கல்லும் வைக்க முடியாது. “அம்மா, அப்பா பேசாமல் விட்டிடுவார், நீங்கள் பாருங்கோ” என்று அவள் தினமும் ஃபோன் எடுத்தாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கமலாசனி பெட்டியை இறக்கிச் சிற்றம்பலத்தின் அறையைப் பார்த்தார். பெர்மிற் இல்லை. ஏழு அறையையும் பார்த்தார். பிறகு கட்டிலில் கொட்டினார், பையைக் கொட்டுவது போலவே.

“இஞ்சருங்கோ! பெர்மிற் எங்கயப்பா?”

சிற்றம்பலம் பதறவில்லை. பத்திரமாய்க் கிடக்குது என்றார். குசினிக்குப் போய்க் கத்தியை எடுத்து வந்தார். வெறும் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் அடியில் நேராக ஒரு கீறுக் கீறினார்.

கமலாசனி போட்ட சத்தத்தில் யோகலிங்கம் வேலிக்கு வந்துவிட்டார்.

“ஏன் கத்துறீர்? இதுக்குள்ளதான் வைச்சனான்.”

“அடிக்குள்ளயோ? ஆர் சொல்லி வைச்சனீங்கள்?”

“எல்லாத்தையும் ஒரே இடத்தில வைக்கிறேல்ல” என்றார் சிற்றம்பலம். அவருடைய வாயிலிருந்து இவ்வளவு நீளமாக ஒரு வசனம் வருவது குறைவு. முள்ளிவாய்க்காலுக்குப் போகும் வழியில் இரண்டு பை கொண்டு போனார்கள். ஒன்று போய்விட்டது, மற்றது நின்றது. பெர்மிற் நின்ற பைக்குள் இருந்தது. அதற்குப் பிறகு அவர் முக்கியமான கடதாசியைத் தனியாக வைப்பதே வழக்கம். “பெட்டியெண்டால் எவனும் திறப்பான். அடியை ஆர் பாக்கப் போறான்?”

“எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே!”

“சொன்னால் பிறகு அது ஒளிச்சதோ?”

மூன்று மட்டையையும் உரித்தார். ஒன்றும் இல்லை. அப்போதுதான் சிற்றம்பலத்தின் முகம் மாறியது.

“எப்ப வைச்சனீங்கள்?”

“நீர் பசை பூசிப்போட்டுக் குழவி எடுக்கப் போன நேரம். சொப்பிங் பையில சுத்தி, மட்டைக்கு இடையில.”

கமலாசனி கட்டிலில் இருந்துவிட்டார். சொப்பிங் பை பொலித்தீன், அதில் பசை பிடிக்காது. பிடிக்காத இடம் உப்பும். ஒன்றும் அறியாத நவ்பரை மூன்று கிழமையாக எத்தனை திட்டு.

“அது இந்தப் பெட்டி இல்லையப்பா” என்றார். “அதில கோழி இருக்கு.”

வேலிக்கு அந்தப் பக்கத்தில் யோகலிங்கம் கூப்பன் கடை மனேஜர் வரிசையில் நிற்பவர்களின் பெயர் கூப்பிடும் குரலில் தொடங்கினார். “காணி இலக்கம் நூற்றிப் பன்னிரண்டு. உரித்தாளர், செங்கோழி. பின்னுரித்தாளர்கள், பதினொரு முட்டை!”

“யோகலிங்கம் அண்ணை, வாயை மூடுறியளோ, வந்து பிடிக்கிறியளோ?”

சிக்கல் என்னவென்றால், அன்று அடை வைத்துப் பதினெட்டாம் நாள். கடைசி மூன்று நாள் முட்டையை அசைக்கக் கூடாது என்பது குடியேற்றத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோழியை எழுப்பினால் பதினொன்றும் கூழ். சனிக்கிழமை பொரிக்கும், காணி உத்தியோகத்தர் வருவது வியாழன்.

“கோழியைத் தூக்கும்” என்றார் சிற்றம்பலம்.

“தூக்க மாட்டன். அது என்ன பிழை செய்தது?”

கமலாசனி கொஞ்ச நேரம் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். பெட்டி நாலு கல்லின் மேல் நிற்கிறது. கீழே ஒரு முழ இடைவெளி. அடியில் மூன்று மட்டை. கோழி மேல் மட்டையில் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். கீழ் மட்டையைக் கீழிருந்து உரிக்கலாம்.

சவர பிளேட்டை எடுத்துக்கொண்டு, சாக்கு விரித்து, மல்லாந்து படுத்துப் பெட்டிக்குக் கீழே தலையை நுழைத்தார். ஆண்கள் இருவரும் இரண்டு பக்கமும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு குந்தினார்கள்.

“எத்தினையாவது மட்டைக்கு மேல வைச்சனீங்கள்?”

“ரெண்டாவதுக்கும் மூண்டாவதுக்கும் இடையில.”

“மேலயிருந்து எண்ணியோ, கீழயிருந்து எண்ணியோ?”

“ம்.”

“இஞ்சருங்கோ, ‘ம்’ எண்டு சொன்னால் பதினொரு முட்டையும் என்ர மூஞ்சியிலதான்!”

சிற்றம்பலம் கண்ணை மூடி யோசித்தார். கோழி அந்த நேரம் பார்த்து அவருடைய பெருவிரலில் ஒரு கொத்துக் கொத்தியது. அவர் கையை எடுக்கவில்லை. “கீழயிருந்து” என்றார்.

கீழிருந்து என்றால் நடு மட்டைக்கும் மேல் மட்டைக்கும் இடையில். கோழிக்கு நேர் கீழே. இரண்டு மட்டையை உரிக்க வேண்டும். மூன்றாவது தனியாக ஒரு கோழியையும் பதினொரு முட்டையையும் தாங்க வேண்டும். கமலாசனி முதல் மட்டையைச் சுற்றிவர வெட்டி உரித்தார். பசை நல்ல பசை. துண்டு துண்டாகத்தான் வந்தது. இரண்டாவதை வெட்டினார். மேல் மட்டை ஒரு தடவை முனகியது. கோழியும் முனகியது. யோகலிங்கம் முருகனைக் கூப்பிட்டார், இந்த முறை தன் சொந்தக் குரலில்.

“தாங்கும்” என்றார் கமலாசனி கீழே கிடந்தபடி. “சவர்க்காரப் பெட்டி.”

வெள்ளைச் சொப்பிங் பை நழுவி அவர் நெஞ்சில் விழுந்தது. சிற்றம்பலம் நிலம் கூட்டும் தும்புத்தடிகள் இரண்டைப் பெட்டிக்குக் கீழே குறுக்காகச் செருகினார். கோழி கடைசி வரை எழும்பவில்லை.

அடுத்த நாள் மண்டபத்தில் விண்ணப்பங்களை எடுத்தவர் தாட்சாயினி என்ற இளம் உத்தியோகத்தர். பெர்மிற்றை விரித்தவர் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். ஒரு மூலையில் மஞ்சள் கறை. நாற்றம் மண்டபத்தின் கடைசி வாங்கில் இருந்தவர்கள் வரைக்கும் போனது.

“ஐயா, இதை இவ்வளவு நாளும் எங்க வைச்சிருந்தனீங்கள்?”

“பத்திரமாய்” என்றார் சிற்றம்பலம்.

“கோழிக்குக் கீழ” என்றார் கமலாசனி.

தாட்சாயினி இருவரையும் பார்த்தார். இலக்கம் தெரிகிறது, கையெழுத்து தெரிகிறது என்று சொல்லி, விண்ணப்பத்தில் பின்னுரித்தாளர் என்ற இடத்தில் கௌசலாவின் பெயரை எழுதச் சொன்னார். “மூலப்பிரதியைத் திருப்பிக் கொண்டு போங்கோ. கவனம். நிரந்தர உறுதியாய் அளிப்புப் பத்திரம் வரும்வரைக்கும் இது வேணும்.”

சனிக்கிழமை ஒன்பது குஞ்சு பொரித்தது. கௌசலாவுக்கு ஃபோனில் முதலில் சொன்னது அதைத்தான். பெயர் பதிந்ததை இரண்டாவதாக.

கடதாசிகள் இப்போதைக்கு மறுபடி ஆணியில் பைக்குள் தொங்குகின்றன. அடுத்த கிழமை கமலாசனி நவ்பரிடம் இன்னொரு சவர்க்காரப் பெட்டி வாங்கினார். திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டார்; தன்னைத் திட்டினதே நவ்பருக்கு அதுவரை தெரியாது. மூன்றாம் தடவையாக ஏழு அறை பிரித்தார், மூன்றாம் தடவையாக அடிக்கு மட்டை வெட்டினார். பசை பூசிவிட்டு எழும்பினார்.

“இஞ்சருங்கோ. நான் குழவி எடுத்துக்கொண்டு வாறன்.”

“ம்.”

“வைக்கிறதெண்டால் நடுவில வையாதேங்கோ. சொப்பிங் பையில சுத்தி, ஓரத்தோட. ஓரத்தில உப்பாது.”

அம்மி நிற்பது பத்தடி தூரத்தில். கமலாசனி போய்வர நெடுநேரம் எடுத்தார். வந்து எதையும் பார்க்காமல் குழவியை ஏற்றினார்.

இரண்டு நாள் கழித்து அடியை விரலால் தட்டிப் பார்த்தார். உப்பவில்லை.