மைல் சேர்த்த அமல்தாஸ்

பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏலம் கூவுகிற அமல்தாஸ் அண்ணனுக்கு விலையை ஏற்றுவதும் இறக்குவதும்தான் உயிர். பெட்டிக்கு இரண்டு ரூபாய் ஏற்றத் தொண்டை கிழியக் கத்துவார். அதே மனிதர் கத்தரிக்காய் வாங்கப் போனால் அரை ரூபாய் குறைக்காமல் நகர மாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு கடைக்காரரிடம் விலையைக் குறைக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். மண்டியில் எடை எழுதிக்கொண்டு, சொந்தமாக ஒரு வேனும் ஓட்டுகிற நான் அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

எல்லாம் ராஜமேரி அக்காவின் வயிற்றால் வந்தது. அண்ணன் மனைவிக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. பாலக்கோட்டில் பஸ் ஏறினால் காரிமங்கலம் வருவதற்குள் வாந்தி. மகள் ஜெனிஷாவோ டெல்லியில் நர்ஸ். முதல் பிரசவம், நவம்பர் கடைசியில் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அம்மா பக்கத்துல இருந்தாப் போதும்" என்று போனில் அழுதாள். இரண்டு நாள் ரயிலில் போனால் அக்காவுக்கும் பக்கத்திலேயே ஒரு கட்டில் போடவேண்டி வரும். விமானம்தான் ஒரே வழி. அதில் இரண்டு பேர் போய்வரக் கேட்ட விலைக்கு அண்ணன் ஒரு கறவை மாடே வாங்கிவிடுவார்.

அந்த நேரம் பார்த்து, வைப்புத் தொகையின் பேரில் பேங்கில் ஒரு கிரெடிட் கார்டு கொடுத்தார்கள். தொண்ணூறு நாளைக்குள் ஒன்றரை லட்சம் செலவு செய்தால் விமான மைல் இனாம்; அந்த மைலைக் கொடுத்து விமான டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். டெல்லிக்கு இரண்டு பேர் போய்வரச் சரியாக இருக்கும். கெடு நவம்பர் மூன்று.

"நான் எதுக்குச் செலவு பண்ணணும்? ஊரே செலவு பண்ணுது. என் கார்டுல தேய்ச்சிட்டு அவங்ககிட்டக் காசா வாங்கிக்கிட்டா முடிஞ்சிது" என்றார்.

மறுநாளிலிருந்து ஏலம் முடிந்ததும் நேரே பெட்ரோல் பங்க். தக்காளி ஏற்றிப்போகும் டெம்போ எதுவாக இருந்தாலும் டீசல் இவர் கார்டில். டிரைவர்கள் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். பத்து வாரம் வெயிலில் நின்று மனிதர் கறுத்துப்போனார். பங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்றே பாதிப்பேர் நினைத்தார்கள்.

கெடுவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மைல் எங்கே என்று கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார். ஒரு பெண் மிகப் பணிவாக, "சார், எரிபொருள் செலவு இந்தச் சலுகையில் சேராது" என்றாள்.

"சேராதா? ஏம்மா, அது செலவில்லியா? டெம்போ என்ன தண்ணியிலயா ஓடுது?"

அவள் வருந்துவதாகச் சொன்னாள். மூன்று தடவை வருந்தினாள். கணக்கில் சேர்ந்தது வெறும் ஒன்பதாயிரம். அண்ணன் அன்று ஏலமே கூவவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு காலிப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு கிளம்பினார் பாருங்கள். யார் வீட்டில் என்ன செலவு வரும் என்று மோப்பம் பிடித்தார். பொங்கலுக்கு வாங்கலாம் என்றிருந்த சுகுணா டீச்சரின் வாஷிங் மெஷின் அக்டோபரிலேயே வந்து இறங்கியது. டிராக்டர் டயர், உர மூட்டை, ஒருத்தர் வீட்டுத் தையல் மிஷின் எல்லாம் இவர் கார்டில். பல் கட்டப் போன மண்டி ஆள் சின்னராஜோடு டாக்டர் அறைக்குள்ளேயே போய், "ரெண்டு எதுக்குங்க, நாலாக் கட்டிடுங்க" என்றார். சின்னராஜ் நாற்காலியிலிருந்து இறங்கி ஓடியே வந்துவிட்டான். இவ்வளவு செய்தும் நவம்பர் முதல் தேதி அறுபத்தேழாயிரத்துச் சொச்சம் குறைந்தது.

இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். பூசை முடிந்து அண்ணன் மாமியார் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது, மாமனார் மதலைமுத்து பக்கத்துக் காலி இடத்தைக் காட்டினார். எண்பத்திரண்டு வயது, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்.

"மாப்ள, எனக்கும் இப்பவே கல்லு எடுத்துடலாமா? மாடு வித்த காசு எழுவதாயிரம் வெச்சிருக்கேன். நான் இருக்கறப்பவே எடுத்தா நல்லதாப் பாத்து எடுப்பேன்."

அண்ணன் அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். அடுத்த அரை மணியில் என் வேனில் மூன்று பேரும் தருமபுரி கிரானைட் கடையில் இருந்தோம்.

"யாருக்குங்க? எப்ப தவறினாங்க?" என்று கடைக்காரர் வருத்தமாகக் கேட்டார்.

"எனக்குத்தாங்க. தேதி இன்னும் முடிவாவல" என்றார் மதலைமுத்து.

கடைக்காரர் எழுபதாயிரம் சொன்னார். கிழவர் கல்லைத் தட்டினார், தடவினார், கீறல் என்றார், நிறம் மட்டம் என்றார். விலை அறுபத்து நாலுக்கு வந்துவிட்டது. அண்ணனுக்கோ அறுபத்தெட்டாவது வந்தால்தான் மைல்.

"ஏங்க, மொதல்ல சொன்ன வெலயே இருக்கட்டுங்க. உங்களக் கும்புடறேன், கொறைக்காதீங்க!"

"மாப்ள, வெயிலு தலைக்கேறிடுச்சா? என் கல்லற, என் காசு. நீ சும்மா இரு."

அண்ணன் கடையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் சிறகு விரித்துக்கொண்டு கல்லில் செதுக்கிய சின்னச் சின்னச் சம்மனசுகள், தேவதூதர்கள், நின்றன. ஒன்று இரண்டாயிரம்.

"தலமாட்டுல ரெண்டு சம்மனசு வெச்சிக்கலாம் மாமா."

"ஒன்னு போதாதா?"

"தனியா நின்னா அதுக்கும் பொழுது போவ வேணாமா?"

அறுபத்தெட்டாயிரம். கார்டைத் தேய்த்துச் சீட்டு வந்ததும் அண்ணன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பத்து நாளில் மைல் ஏறியது. இதற்குப் பதிலாக மிக்சி வாங்கிக்கொள்ளலாம் என்று பேங்கிலிருந்து போன் வந்தது. "அடிமாட்டு வெலைக்குக் கேக்கறீங்களே" என்று அண்ணன் வைத்துவிட்டார்.

கல்தான் காரியத்தைக் கெடுத்தது. பேர் பொறித்து, பிறந்த தேதி போட்டு, இறந்த தேதிக்கு இடம் விட்டு, கடைக்காரர் அதை வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். ராஜமேரி அக்கா படித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

"பேரப்புள்ளயப் பாக்க எங்கப்பனுக்குக் கல்லு வாங்குனீங்களா? நான் அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் இவரு போயிடுவாரு. நான் ஏற மாட்டேன்."

இரண்டு நாள் யார் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் மதலைமுத்துவே, "நான் உன் பக்கத்துலயே ஒக்காந்து வந்தா நம்புவியா?" என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். "அப்ப நீங்க?"

"மூணு பேருக்கும் போட்டுட்டேன்" என்றார் அண்ணன்.

பெங்களூர் விமான நிலையத்துக்கு என் வேனில்தான் போனோம். அக்காவுக்காக வழியில் ஆறு இடத்தில் நிறுத்தினேன். வாசலில் காவலர் இரண்டு டிக்கெட்டைப் பார்த்து இரண்டு பேரை உள்ளே விட்டார். அண்ணனுக்குக் கையைக் குறுக்கே வைத்தார். அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"இவருதாங்க சம்பாரிச்சாரு இந்த டிக்கெட்ட" என்று காவலரிடம் தமிழில் வாதாடினாள். "இவர வெளிய நிறுத்திட்டு எங்கள உள்ள வுடறீங்களே, இது நாயமா?"

காவலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "போ ராஜமேரி, புள்ள காத்துக்கிட்டிருக்கா" என்றார் அண்ணன். அவர்கள் உள்ளே மறைந்த பிறகு கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். வாந்தி இல்லையாம். ஜெனிஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு, தாத்தாவைக் கட்டிக்கொண்டு, அவர்கள் வந்த டாக்சியின் கதவைப் பிடித்தபடி நின்றிருக்கிறாள்.

"எறங்கி வாப்பா" என்றாளாம், காலி சீட்டைப் பார்த்து.