எல்.எம்.எஸ்.ஸா, எம்.பி.பி.எஸ்.ஸா, ஆர்.எம்.பி.யா?

வீடு முழுக்க வலிக்குத் தேய்க்கும் லினிமென்ட் வாடை. அந்த வாரம் முழுவதும் அப்படித்தான்...

அறுபதுகளின் தொடக்கம். கண்டிப் பக்கத்து மலைநாட்டில், றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் பள்ளிக்கூட டீச்சர். என் கணவர் செல்வராஜுக்கு அதே தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. மூத்த மகள் மல்லிகாவுக்கு ஏழு வயது. முதலில் அவளுக்குத் தொண்டை வலி வந்து போனது. பிறகு காய்ச்சல். பிறகு முழங்கால் வீங்கியது. அது வற்றுவதற்குள் வலி கணுக்காலுக்குப் போனது. அங்கிருந்து மணிக்கட்டுக்கு...

"வலி வீடு மாறிக்கிட்டே இருக்கும்மா" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தவரை நாங்கள் எல்லாரும் "டாக்டர் ஐயா" என்றுதான் கூப்பிடுவோம். அவர் உண்மையில் டாக்டர்தானா என்று யாரும் கேட்டதில்லை. அவர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். புதியவர் இன்னும் வரவில்லை.

இனி ஹட்டன் டவுனுக்குப் போய் ஒரு டாக்டரைத் தேட வேண்டும். யாரை?

அங்கே கடைத்தெருவில் மூன்று பெயர்ப்பலகைகள் இருந்தன. ஒன்றில் பெயருக்குப் பின்னால் எல்.எம்.எஸ்., இன்னொன்றில் எம்.பி.பி.எஸ்., மூன்றாவதில் ஆர்.எம்.பி. எனக்கு இங்கிலீஷ் எழுத்து படிக்கத் தெரியும். ஆனால் அர்த்தம்?

விசாரித்தபோது, பக்கத்து வீட்டு ராக்கம்மா அக்கா என்னையே திருப்பிக் கேட்டார். "டீச்சர், படிச்சவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

லொறி டிரைவர் சொன்னார், "எழுத்து கூடக் கூட படிப்பும் கூடும். நாலெழுத்துக்காரருகிட்டப் போங்க." ஃபெக்டரி கிளார்க்கு, "எல்.எம்.எஸ். வெள்ளைக்காரன் காலத்துப் படிப்பு. பழசுதான் கெட்டி" என்றார். தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி எல்லாரையும் மிஞ்சிவிட்டார். "ஆர்.எம்.பி.யில 'ஆர்' இருக்கு பாருங்க, அது ரோயல்! வெள்ளைக்கார ராணி குடுத்த பட்டம்."

என் கணவர் அதை நம்பிவிட்டார். எனக்கும் மறுத்துச் சொல்ல ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை ரயிலேறினோம். ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து மல்லிகாவை அவர் முதுகில் சுமந்து வந்தார். மழை விடவே இல்லை.

ஆர்.எம்.பி. டாக்டர் நடுத்தர வயதுச் சிங்களவர். எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசினார். மூட்டு ஒவ்வொன்றையும் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். "இதுக்கு முன்னுக்குத் தொண்டை வலிச்சிச்சா?" என்று கேட்டார். அப்புறம் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்... திரும்பவும் கேட்டார்.

என்னால் அடக்க முடியவில்லை. "ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஆர்.எம்.பி.ன்னா ராணி குடுத்த பட்டமாங்க?"

என் கணவர் என் காலை மிதித்தார். டாக்டர் இருமல் வரும்வரை சிரித்தார்.

"ராணிக்கு என்னையத் தெரியாதும்மா. நான் அப்போதிக்கரிக்கு, அதாவது உதவி வைத்தியருக்குப் படிச்சவன். ரொம்ப காலம் கவர்மெண்டு ஆஸ்பத்திரியில வேலை பார்த்தேன். அப்புறம் தனியா வைத்தியம் பார்க்கலாம்னு பேரைப் பதிஞ்சு குடுத்தாங்க. 'ஆர்'ன்னா ரெஜிஸ்டர்ட், அதுதான் இந்த ஆர்.எம்.பி.ங்கறது. எம்.பி.பி.எஸ்.காரரு யுனிவர்சிட்டியில படிச்ச முழு டாக்டர். எல்.எம்.எஸ். பெரியவரும் முழு டாக்டர்தான். அவரு காலத்துல அந்தப் படிப்புக்கு அப்படிப் பேரு."

"அப்ப நீங்க டாக்டர் இல்லீங்களா?" என் கணவர் இன்னும் குழம்பிப்போனார்.

"காய்ச்சல், இருமல், வயித்து வலி, காயம் எல்லாம் பார்ப்பேன். இது வேற. புள்ள நெஞ்சுல ஒரு சத்தம் கேக்குது. மூட்டு நோவு நெஞ்சையும் தொட்டிருச்சோன்னு சந்தேகமா இருக்கு. முழு டாக்டர் ஒருத்தர் பார்த்துத்தான் சொல்லணும். இப்பவே போவோம்."

நெஞ்சு என்றதும் மல்லிகாவை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

அவர் குடையை எடுக்க உள்ளே போன நேரத்தில் என் கணவர் காதோரம் கேட்டார், "தனக்குத் தெரியாதுன்னு சொல்றவர நம்பலாமா?"

"நம்புவோம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

காத்திருந்த நோயாளிகளை இருக்கச் சொல்லிவிட்டு, எங்களோடு அவரும் மழையில் நடந்து வந்தார். எம்.பி.பி.எஸ். டாக்டர் இளைஞர், யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசினார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது.

மூட்டு வாதக் காய்ச்சல். இதயத்தின் வால்வைத் தொடக்கூடியது. மல்லிகா கண்டி ஆஸ்பத்திரியில் வெகுநாள் படுத்தே கிடந்தாள். பிழைப்பாளா, ஓடியாடுவாளா... எதுவும் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பிழைத்தாள். ஆனால் மாதாமாதம் பென்சிலின் ஊசி போட வேண்டும், அதுவும் பல வருடங்களுக்கு. எம்.பி.பி.எஸ். டாக்டர் சொன்னார், "ஊசிக்கு என்னட்ட வரவேண்டாம். அவரே போடுவார். வித்தியாசமா ஏதும் தெரிஞ்சா மட்டும் வாங்கோ."

அப்படித்தான் ஆர்.எம்.பி. ஐயா எங்கள் குடும்ப டாக்டர் ஆனார். மகன் பிறந்தபோது எனக்கு வந்த காய்ச்சல், ஃபெக்டரி ரோலரில் என் கணவரின் விரல் நசுங்கியது... எல்லாவற்றுக்கும் முதலில் அவரிடம்தான் ஓடுவோம். சிலதை அவரே பார்ப்பார். சிலதுக்கு, "இது என் வேலை இல்ல, வாங்க" என்று எழுந்துவிடுவார்.

இப்போது நான் கொழும்பில் மல்லிகா வீட்டில் இருக்கிறேன். அவளுக்கே பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். போன மாதம் என் பிரஷருக்கு ஒரு டாக்டரைத் தேடினோம். மல்லிகாவின் மகள் போனில் பார்த்து, யார் பதிவு பெற்றவர், எந்த எழுத்துக்கு என்ன படிப்பு என்று எல்லாவற்றையும் விளக்கினாள். "குடும்ப வைத்தியத்துக்குன்னே தனிப் படிப்பு இருக்கு அம்மாச்சி" என்றாள். கேட்கக் கேட்க எனக்குத் தலை சுற்றியது.

அவள் சொன்ன இடத்துக்கே போனோம். நல்ல பெண் டாக்டர். பொறுமையாகப் பார்த்தார். நேற்று திரும்பவும் போனேன். அவர் இல்லை, வேறொருவர் இருந்தார். அவரும் நிறையப் படித்தவர்தான்.

"எவ்வளவு காலமா பிரஷர் இருக்கு அம்மா?" என்று முதலிலிருந்து கேட்டார்.

ஆர்.எம்.பி. ஐயாவுக்கு எதையும் இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருந்ததில்லை. நானும் முதலிலிருந்து சொன்னேன்...