கேட் என்றால் பூனையா, வாசலா?

அச்சகத்தில் அவருக்கு வைத்த பெயர் 'ஒற்று'. முப்பது வருடமாகப் பிழை திருத்துகிறவர். யார் வீட்டு அழைப்பிதழிலோ ஒரு 'ப்' விட்டுப்போனால், குடியே முழுகிப்போன மாதிரி குதிப்பார்.

இந்த மகா பண்டிதர் ஏழு வருடமாகப் பிட்காயின் சேர்த்தார். சம்பளம் வந்த அன்றே, விலை ஏறினாலும் இறங்கினாலும், அதே தொகைக்கு வாங்குவார். எது வந்தாலும் விற்க மாட்டார். முறை ஒன்றும் மோசமில்லை. இவர் கைக்கு வந்ததும்தான் அதற்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. படுக்கையறைச் சுவரில் கட்டம் போட்ட தாளை ஒட்டி, விலையைப் பென்சிலால் இழுத்துக்கொண்டே போனார். கோடு தாளைத் தாண்டினால் மேலே இன்னொரு தாள். கூரைக்கு ஒரு சாண் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. விலை அதைத் தொட்டால்தான் விற்பாராம்.

மனைவிக்குக் காது மந்தமாகிக்கொண்டிருந்தது. இரண்டு காதுக்கும் கருவி வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் பிறகு கருவியும் உதவாது என்று நாலு வருடம் முன்பே மருத்துவர் சொல்லிவிட்டார்.

"இப்ப வாங்கினா அது வெறும் மெஷின். பத்து வருஷம் பொறுத்தா அதே பணம் ஒரு வீடு. வீட்டையா காதுல மாட்டிக்கப் போற?" என்றார் ஒற்று.

அவளுக்குப் பாதிதான் கேட்டது. அந்தப் பாதிக்கே வயிறு எரிந்தது.

ஒருவழியாகக் கோடு சிவப்பைத் தொட்டது. அதே வாரம், பிட்காயினை வைத்திருந்த அவருடைய போன் செத்தது. அதனாலென்ன என்று அலட்டிக்கொண்டார். பிட்காயினைத் திறக்கிற பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களும் ஒரு தாளில் பத்திரமாக இருந்தன. தமிழ் எழுத்தில்! திருடன் கையில் கிடைத்தாலும் விளங்கக் கூடாதாம். ஃ போட்டு எழுதுவதும், வடவெழுத்தும் அவருக்கு ஆகாது வேறு.

தாளை விரித்தார். மூன்றாவது சொல் 'கேட்'. பூனையா, வாசலா? எப்படி உச்சரித்தாலும் நமக்கு 'க' ஒன்றுதானே. ஐந்தாவது 'பாக்சு'. பெட்டியா, நரியா? ஏழாவது 'பால்'. பந்தா, விழுவதா? இப்படி எட்டுச் சொற்கள் அவரைப் பார்த்துப் பல்லை இளித்தன. ஊரார் பிழையெல்லாம் கண்ணில் பட்டவருக்குத் தன் பிழை ஏழு வருடம் படவில்லை.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற மருமகன் வந்தான். "மாமா, பன்னெண்டையும் சொல்லுங்க. மாத்தி மாத்திப் போட்டுப் பார்க்க அஞ்சு நிமிஷம்."

"யாருக்கும் சொல்லக் கூடாதுங்கறதுதான் முதல் விதி, மாப்பிள்ளை."

"நான் யாரோவா மாமா?"

"யாருக்கும்னா யாருக்கும்தான்."

மகளை நம்பிக் கொடுத்தவனிடம் ஒரு பூனையை நம்பிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

தானே புதுப் போனில் தட்டிப் பார்த்தார். தட்டியதைக் குறித்து வைக்கவும் பயம், யாராவது பார்த்துவிட்டால்? அதனால் போட்டதையே திரும்பத் திரும்பப் போட்டார். இரண்டு மாதம் ஓடியது.

மனைவி பொறுத்தது போதும் என்று வாஷிங் மெஷினை விற்றாள். மிச்சத்தை மகளிடம் வாங்கிக்கொண்டு மருத்துவரிடம் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் தாள். வாய் முணுமுணுத்தது.

"கேட்... கேட்..."

"கேக்குதுங்க," என்றாள் அவள்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஒரு காதுக்குத்தான் வச்சிருக்காங்க. இன்னொண்ணுக்கு இனிமே வச்சும் பிரயோஜனமில்லையாம். முன்னாடியே வந்திருக்கணுமாம்."

அவர் தாளை நாலாக மடித்து, அவள் கண்ணில் படாதபடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.