சாச்சி காட்டிய முகம்

மகளின் திரைப்படப் பாடத் தாளில் ‘அண்மைக்காட்சிக்கு (குளோசப்) உதாரணம் தருக’ என்றிருந்தது. படித்ததும் என் தாயின் தங்கை, சாச்சியின் கைகளில் வீசும் நெசவுக் கஞ்சி மணம் வந்துவிட்டது.

எண்பதுகளில் எங்கள் வீட்டுப் பெண்களில் கல்முனைத் தியேட்டருக்குப் போனவர் அவர் மட்டுமே. ஒருமுறை பார்த்துவிட்டு வந்த மறுநாள் தறியை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் படம் சொன்னார். தாய் மகனைப் பிரியும் இடத்தில் இரு கைகளாலும் என் முகத்தைச் சுற்றிப் பிடித்தார்.

“இப்ப இந்த முகம் மட்டுந்தான். ஊடு இல்ல, ஆக்கள் இல்ல. கண்ணு நிறையிது, ஆனா விழல்ல.”

பெண்கள் என் முகத்தைப் பார்த்து அழுதார்கள்.

பல வருடங்களுக்குப் பின் அந்தப் படத்தைப் பார்த்தேன். அந்த இடத்தில் தாய் வெகுதூரத்தில் சிறு உருவமாக நின்றாள். முகமே தெரியவில்லை.

சாச்சி காட்டிய அந்த முகத்தையே மகளுக்கு உதாரணமாகச் சொல்கிறேன். “எந்தப் படம் எண்டு எழுதுற, உம்மா?” என்கிறாள் மகள்.