கோட்டின் கடைசிப் பத்து நாள்

1. நான்கு வாரம் ஒரே பிற்பகலில்

அந்த யோசனை எனக்குச் சிராங்கூன் சாலையில், ஒரு பஸ் நிறுத்தத்தில் வந்தது. சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்திருந்தது. மெட்ராஸ் வார இதழ்கள் விற்கும் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சணல் கயிறு போட்ட கட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"கப்பல் வந்துடுச்சும்மா. நாலு வாரமும் ஒண்ணாக் கிடக்கு. அவசரத்துல கடைசி வாரத்தை முதல்ல படிச்சிடாதீங்க."

நின்றபடியே தொடர்கதையைப் பிரித்தேன். கதாநாயகி முதல் வாரம் ரயிலேறினாள். அடுத்த வாரம் காய்ச்சலில் படுத்தாள். அதற்கடுத்த வாரம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். எனக்கு எல்லாம் ஒரே பிற்பகலில் நடந்தது. மல்லிகை வாசமும் டீசல் புகையும் கலந்து வந்தன. என் பஸ் வந்ததையும் போனதையும் நான் பார்க்கவில்லை. அவள் காய்ச்சலில் கிடந்த வாரத்தில் நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன்? அவள் எழுந்த பிறகல்லவா எனக்குச் சேதி வருகிறது!

அப்போதுதான் பளிச்சென்றது. அலுவலகத்தில் நான் தப்பான நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போது டிப்தீரியா பரவிக்கொண்டிருக்கிறது. தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்து, சின்னப் பிள்ளைகளின் மூச்சை அடைத்துவிடும் நோய். ஒரு கேஸைக் கண்டால் டாக்டர் படிவம் நிரப்பிச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அது என் மேசைக்கு வரும். வந்த தேதியை ரப்பர் ஸ்டாம்பால் குத்துவேன். ஸ்டாம்புகளை எண்ணி கிராஃப் தாளில் புள்ளி வைப்பேன். படிவத்தின் மூலையில் 'நோய் தொடங்கிய நாள்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை யாரும் எண்ணியதில்லை.

2. கடலிலிருந்து பார்க்கும் தீவு

திங்கட்கிழமை நல்ல மழை. இழுப்பறையிலிருந்த பஃபலோ ரோட் பக்கத்துப் பழைய படிவங்களையெல்லாம் எடுத்து, நோய் தொடங்கிய நாள்படி அடுக்கி, புதிதாக ஒரு கோடு போட்டேன். பழைய கோடு ரம்பப் பல் மாதிரி இருக்கும். தபால் வராத ஞாயிறு பள்ளம், திங்கள் உச்சம். புதிய கோடோ மெல்ல ஏறி மெல்ல இறங்கியது, படகிலிருந்து பார்க்கும் தூரத்துத் தீவு மாதிரி. ஜன்னலில் மழை வழிய, அந்தத் தீவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பிரிவின் மேலதிகாரி நடராஜன் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"சாரதா, இதை யாரு போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார்."

"நல்லா இருக்கு லா. பஃபலோ ரோட் பக்கம் இறங்கிடுச்சே. அங்க இருக்கிற டேபிளை, கேஸ் கூடுற பிடோக் பக்கம் அனுப்பிடலாமா?"

"அனுப்பிடலாம் சார்," என்றேன். யோசிக்கவே இல்லை.

டேபிள் என்றால் நர்ஸ் பாத்திமா அக்காவின் தடுப்பூசி மேசை. ஊசி போடுமுன் ஒவ்வொரு பிள்ளையின் தொண்டையிலும் டார்ச் அடித்துப் பார்ப்பார். சந்தேகம் என்றால் கடிதம் கொடுத்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்.

மறுநாள் மேசையை எடுத்ததும், ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"என் டேபிளைத் தூக்கச் சொன்னது நீங்கதானா, கிராஃப் தங்கச்சி? உங்க கோட்டுக்குத் தொண்டை இருக்கா? வெள்ளிக்கிழமைகூட ரெண்டு பிள்ளைங்கள ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்."

"அந்தப் படிவம் இன்னும் வரலையே அக்கா."

"வரும் வரும். நோய் முதல்ல வரும், பேப்பர் ஆடி அசைஞ்சு வரும்."

நான் சிரித்தேன். அதைக் கண்டுபிடித்தவளே நான்தான் என்ற நினைப்பு எனக்கு.

3. வியாழக்கிழமைத் தபால்

வியாழக்கிழமைத் தபாலில் ஒரு கட்டுப் படிவங்கள் வந்தன. பெரும்பாலானவை பஃபலோ ரோட் பக்கத்து முகவரிகள். நோய் தொடங்கிய நாள்களோ, என் கோடு அழகாக இறங்கிக்கொண்டிருந்த அதே நாள்கள். ஒவ்வொரு புள்ளியாக வைக்க வைக்க, சரிவு நிரம்பி மேடாகிக்கொண்டே வந்தது.

பழைய ஸ்டாம்புகளை வைத்து இன்னொன்று செய்து பார்த்தேன். முந்தைய ஒவ்வொரு சனிக்கிழமையும், அதுவரை கைக்கு வந்திருந்த படிவங்களை மட்டும் வைத்து என் புதிய முறையில் வரைந்திருந்தால் கோடு எப்படி இருந்திருக்கும்? ஒவ்வொன்றாக வரைந்தேன். எல்லாக் கோடும் கடைசிப் பத்து நாளில் தலை சாய்த்தது. நோய் ஏறிக்கொண்டிருந்த வாரங்களிலும் அப்படித்தான்.

காரணம் எளிது. பிள்ளைக்குத் தொண்டை வலித்தால் அம்மா ஒன்றிரண்டு நாள் கைவைத்தியம் பார்க்கிறாள். பிறகு கிளினிக். பிறகு தொண்டையில் துடைத்தெடுத்த பஞ்சு லேபுக்குப் போய் முடிவு வர வேண்டும். பிறகு தபால். நேற்று நோய் கண்ட பிள்ளையின் படிவம் இன்று என் மேசையில் இருக்கவே முடியாது. நான் கண்ட சரிவு, இன்னும் வந்து சேராத காகிதம்.

எனக்கு ப்ரொபேஷன் முடிந்து வேலை உறுதியாகியிருக்கவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன்.

"சார், நான் சொன்னது தப்பு. நோய் இறங்கல. படிவம்தான் இன்னும் வந்து சேரல."

ஒவ்வொரு கோடாகப் பார்த்தார்.

"ப்ரொபேஷன் எப்ப முடியுது?"

"ரெண்டு மாசம் இருக்கு சார்."

"அதுக்கு முன்னாடியே வந்து தப்புன்னு சொல்றீங்க. நான் பதினெட்டு வருஷமா ஸ்டாம்பை எண்ணிட்டு இருக்கேன், ஏன்னு எங்கிட்ட யாரும் கேட்டதில்ல." போனை எடுத்தார். "பாத்திமாவைக் கூப்பிடுங்க. நாளைக்குக் காலையில டேபிள் பழைய இடத்துல இருக்கணும்."

4. செல்வி

வெள்ளிக்கிழமை காலை அந்த மேசைக்கு முதலில் தூக்கிவரப்பட்டவள் ஐந்து வயது செல்வி. மூச்சு விசில் மாதிரி வந்ததாம். பாத்திமா அக்கா டார்ச்சைக்கூட அணைக்காமல் அவளை டாக்சியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அடுத்த நாள் நான் போய்ப் பார்த்தேன். நீண்ட வார்டு, வெள்ளைத் திரைகள் காற்றில் மெல்ல ஏறி இறங்கின. தொண்டையில் துளையிட்டு வைத்த குழாய் வழியே செல்வி மூச்சுவிட்டுக்கொண்டு தூங்கினாள். நானும் அறியாமல் அவள் மூச்சோடு சேர்ந்து மூச்சுவிட ஆரம்பித்திருந்தேன்.

"புதன்கிழமையே தூக்கிட்டு வந்தேன்மா," என்றார் அவள் அம்மா. "மேசை போட்ட இடத்துல, ஈர மண்ணுல நாலு கால் தடம்தான் இருந்துச்சு. நாளைக்கு வருவாங்களோன்னு திரும்பிட்டேன்."

"மேசையை மாத்தலாம்னு சொன்னது நான்தாங்க."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"இப்ப திரும்பி வந்துடுச்சுல்ல? அங்கயே இருக்கச் சொல்லுங்க."

குழாயை அடுத்த வாரம் எடுத்துவிடலாம், குரல் திரும்பிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

5. இனி

கடைசிப் பத்து நாளை நான் இப்போது மையால் வரைவதில்லை. பென்சிலால் விட்டுவிட்டுப் புள்ளிக்கோடு போட்டு, 'இன்னும் வரவேண்டியது உண்டு' என்று பக்கத்தில் எழுதுகிறேன். ஒவ்வொரு படிவமும் வர எத்தனை நாள் எடுத்தது என்றும் தனி நோட்டில் குறிக்கிறேன். வராதவை எத்தனை இருக்கும் என்று அதிலிருந்து ஒருநாள் கணக்குப்போட முடியும் என்று நினைக்கிறேன். முடியுமா என்று தெரியாது.

அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. வரும் திங்கட்கிழமை முதல், பாத்திமா அக்கா மாலை ஐந்து மணிக்கு அங்குள்ள மளிகைக் கடையிலிருந்து போன் செய்து, அன்று டார்ச் வெளிச்சத்தில் சந்தேகப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொல்வார். லேப் முடிவு வரும்வரை அவற்றை வெறும் வட்டங்களாகப் போடப்போகிறேன். உறுதியானால் வட்டத்துக்குள் மை நிரப்புவேன். வட்டங்கள் கூடினாலே மேசை அங்கிருந்து நகராது. சார் ஒரு மாதம் பார்க்கலாம் என்று சம்மதித்திருக்கிறார். போனை என் மேசைக்கு இழுத்துப் பார்த்தேன். ஒயர் எட்டவில்லை. என் மேசையைத்தான் நகர்த்த வேண்டும்.