பியூரினுக்குப் போட்ட தடை

கிண்ணியாவில் டிஸ்பென்சர் றஊப்பைத் தெரியாதவர்கள் இல்லை. தெரியாவிட்டால் அவரே வந்து தெரியப்படுத்திவிடுவார். அரசாங்க மருந்துச்சாலையில் இருபத்தெட்டு வருடம் குளிசை எண்ணிக் கொடுத்தவர், எழுபத்தைந்தாம் ஆண்டு ஓய்வு பெற்ற நாளிலிருந்து தன்னை டொக்டர் என்றே நினைத்துக்கொண்டார்.

ஓய்வோடு கால் பெருவிரலில் கவுட் என்ற மூட்டு நோவும் வந்தது. இறாலையும் ஈரலையும் குறைக்கச் சொன்னார் உண்மையான டொக்டர். அதற்கு மனமில்லாத றஊப், தடித்த புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி வாசித்தார். நம் உடம்பே பியூரின் என்ற பொருளைக் கட்டுகிறது. அது சிதைந்து யூரிக்கமிலமாகி மூட்டில் படிகிறது. கட்டும் நொதியங்களில் இரண்டுக்கு, போலேற்று என்ற விற்றமின் காபன் அணுவைச் சுமந்துவந்து கொடுத்தால்தான் கை ஓடும். போலேற்று இருப்பதோ கீரையிலும் பயற்றிலும்.

"போலேற்றை நிப்பாட்டினா நொதியம் பட்டினி. கவுட் போச்சு!" என்றார். ஈரலில் பியூரின், போலேற்று இரண்டுமே குவிந்து கிடப்பதாக அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தது. மனுசன் பக்கத்தைத் திருப்பவில்லை.

அன்றே குசினிக்குள் முருங்கையிலைக்கும் பயற்றுக்கும் தடை. மகள் ஸல்ஹா அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. கிளினிக்கில் அவளுக்குக் கொடுத்த போலேற்றுக் குளிசையையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினார்; வீட்டுக்குள் அந்தச் சாமானே நடமாடக்கூடாதாம். எங்கள் வழக்கப்படி பெண் வீட்டில் குடியிருக்கும் மருமகன் லாபிருக்கு, மாமாவின் சட்டத்தை எதிர்த்துக் கதைக்க ஏலாது. ஈரல் றஊப்பின் பீங்கானுக்கு, மற்றவர்களுக்குச் சோறும் அதில் ஊற்ற வெறும் ஆணமும்.

ஏழாம் மாதம் ஸல்ஹா கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். மிட்வைஃப் கமலேஸ்வரி வந்து கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெளிறிக் கிடந்தது. றஊப் அப்போதும் நொதியத்தை விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்து நின்ற எனக்கு அவரைப் பிடித்துக் கிணற்றுக்குள் தள்ளலாம் போலிருந்தது.

"நீங்க சொல்றது சரிதான் ஐயா," என்றார் கமலேஸ்வரி. "பியூரின் இல்லாட்டி உடம்பில புதுக் கலம் உண்டாகாது. அப்ப பிள்ளை எதால வளரும்? இவவுக்கு ரத்தம் எதால ஊறும்?"

றஊப் மகளின் வயிற்றைப் பார்த்தார். பிறகு, "பிள்ளைக்கு ஒண்டும் ஆகாதே, மிஸ்ஸி?" என்றார்.

"தெரியாது."

பாயில் கிடந்த ஸல்ஹா கண்ணைத் திறந்தாள். "ரெண்டு மாசமா எனக்குத் தலை சுத்துது, வாப்பா. உங்கட கால் நோவைப் பாத்து நான் ஒண்டும் சொல்லல்ல."

றஊப் நொண்டி நொண்டிப் போய் அலுமாரியைத் திறந்தார். பிள்ளை மெலிந்து பிறந்தாலும் பிழைத்துக்கொண்டது. ஸல்ஹா வாப்பாவுடன் பழையபடி கதைக்க மூன்று வருடம் சென்றது.