விழ மறுத்த தோட்டாக் கூடு

என் வீட்டுக்காரர் ஹால்வோர் ட்வெய்ட் யாரையும் வாய்விட்டுத் திட்டமாட்டார். சந்தேகப்படுவார், அவ்வளவுதான். எரிவாயு லாரிக்காரர் தொட்டியை நிரப்பிவிட்டுப் போனால் மீட்டரைப் பார்ப்பார், அதை நம்பாமல் தொட்டியையும் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவே மூச்சு வாங்க நிறுத்தினால், "என்னைப் பார்த்துதான் நிறுத்தினாரு" என்பார். மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்த காலம் முழுக்க மதிய ரொட்டியைச் சட்டைக்குள் செருகி வைத்துக்கொண்டே பலகை அடுக்கியவர். ஆனால் கெட்ட மனுஷர் இல்லை. பனியில் வண்டி சிக்கிக் கிடந்த ஒரு வழிப்போக்கரை வீட்டுக்குக் கூட்டிவந்து சூப் கொடுத்துப் படுக்க வைத்தார். விடியும்வரை தான் படுக்கவில்லை, அதுவும் உண்மை.

ஆலை மூடிய பிறகு எங்கள் குளிர்காலச் சாப்பாடு மலையிலிருந்து வரும் எல்க் மான்தான். ஒன்று விழுந்தால் வசந்தம் வரை கர்த்தர் படியளப்பார். அந்த வருஷம் நன்றியறிதல் பண்டிகையே நெருங்கிவிட்டது, உறைபெட்டியில் வெறும் பனிக்கட்டி. வேட்டைக் காலம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது.

புதன்கிழமை அவர் வெறுங்கையோடு இறங்கி வந்தார். பூட்ஸைக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்ல பெட்டை மான். பைன் மரத்தோரமா நின்னுச்சு. முதல் குண்டு மேல போயிடுச்சு. அது ஓடல, எங்கிருந்து சத்தம்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்குது. அடுத்த குண்டு ஏத்தறதுக்குப் பின்னாடி இருக்கற போல்ட்டை இழுத்தேன். சுட்ட தோட்டாவோட வெத்துக் கூடு வெளிய விழல. உள்ளயே குறுக்கால படுத்துக்கிச்சு. நான் விரலை விட்டு நோண்டறதுக்குள்ள மான் போயே போச்சு."

"குளிருல எண்ணெய் உறைஞ்சிருக்குமோ?"

"எண்ணெயில்ல ஆர்டிஸ். ஆகஸ்ட் மாசம் இந்த ரைபிள் யார் வீட்டுல இருந்துச்சு?"

 அது என் அண்ணன் வெர்லினிடம் இருந்தது. அண்ணன் தன் கராஜில் துப்பாக்கி பழுது பார்ப்பவர். ரைபிளின் மரக்கட்டையில் விரிசல் விட்டிருந்ததை ஒட்டிக் கொடுத்தார். "விக்கறதா இருந்தா முதல்ல எனக்குச் சொல்லு மாப்ளே" என்று அதற்கு முன்பே கேட்டும் இருக்கிறார்.

"நல்ல சாமானை உருவிட்டுத் தேஞ்சதை மாட்டிட்டான். மான் கிடைக்காம வெறுத்துப்போய் நானே கொண்டாந்து குடுப்பேன்னு பாக்கறான்."

"அவரு என் கூடப் பிறந்தவருங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஊரான் எவனுக்கும் என் ரைபிள் மேல ஆசை கிடையாது."

சந்தேகம் ஒட்டுவாரொட்டி. மறுநாள் பண்டிகைச் சாப்பாட்டுக்கு அண்ணன் வந்தபோது எனக்கும் பார்வை மாறிவிட்டது. ஜெபம் முடிந்து எல்லாரும் தலை நிமிர்ந்த பிறகும் அவர் ஏன் தட்டையே பார்க்கிறார்? இனிப்புக்கு நான் சுட்டு வைத்த பூசணி பை கூடச் சாப்பிடாமல் ஏன் கிளம்புகிறார்? பாத்திரம் கழுவும்போது, கர்த்தாவே, என் மனசைச் சுத்தமாக்கும் என்று கேட்டேன். கேட்டுவிட்டு ஜன்னல் வழியாக அவர் வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை என் வீட்டுக்காரர் என்னையும் அண்ணன் கராஜுக்கு அழைத்துப் போனார். "நான் துப்பாக்கியைப் பாக்கறேன். நீ அவன் கையைப் பாரு."

விஷயத்தைக் கேட்டதும் அண்ணன் போல்ட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். இவர் உடனே குனிந்து அதில் பொறித்த எண்ணையும் குழலில் இருந்த எண்ணையும் ஒத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றே. "புதுசா பொறிக்கவும் முடியும்" என்று என் காதில் சொன்னார்.

அண்ணன் வெறுங்கூடு ஒன்றைப் போல்ட்டின் கொக்கியில் மாட்டி உதறிப் பார்த்தார். விழவில்லை, கொக்கி கெட்டி. குழலின் உள்ளறையைத் துணி விட்டுத் துடைத்தார். துணி வெள்ளையாகவே வந்தது. பிறகு பின்பக்க மண்மேட்டுக்குப் போய்ச் சுட்டு, மரம் அறுக்கும் மெஷினைக் கயிறு இழுத்துக் கிளப்புகிற மாதிரி போல்ட்டை வெடுக்கென்று இழுத்தார். கூடு பறந்து போய்த் தகரத் தொட்டியில் மோதியது.

இவர் வாங்கிச் சுட்டார். கூடு உள்ளேயே படுத்துக்கொண்டது.

"பாத்தியா ஆர்டிஸ்? அவன் தொட்டா சரி, நான் தொட்டா கோளாறு. நடுவுல என்னமோ பண்றான்."

"கையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒண்ணும் பண்ணல."

"சட்டைக் கையை மடிச்சுக் காட்டட்டுமா மாப்ளே?" என்றார் அண்ணன். "உள்ள முயல் ஏதாவது இருக்கும்."

இவர் சிரிக்கவில்லை. அண்ணன் தோட்டா மேல் சந்தேகப்பட்டார். பழைய கூட்டில் இவர் வீட்டில் தானே மருந்தடைத்தது, உப்பி இறுகியிருக்கலாமாம். கடைத் தோட்டா போட்டும் இவர் கையில் அதே கதைதான். கடைசியில் அண்ணன் ரைபிளை என்னிடம் நீட்டினார். சுட்டு இழுத்தேன். கூடு வலப்பக்கம் துள்ளிப் பனியில் விழுந்தது.

என் வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். "அப்ப நீயும் அண்ணன் கட்சி."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தச் சொல் போல எதுவும் எனக்கு வலித்ததில்லை. அண்ணனுக்கும் முகம் சுண்டிப்போனது. "மறுபடி நீ சுடு மாப்ளே. பாதி இழுத்ததும் அப்படியே நில்லு."

இவர் நின்றார். வலது கை போல்ட்டை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. இடது கை கட்டையை விட்டு மேலே வந்து, கூடு விழும் வாயை மூடியபடி இருந்தது.

"இந்தக் கை அங்க என்ன பண்ணுது?"

"கூட்டைப் பிடிக்க."

"எத்தனை நாளா?"

"இந்தக் கோடையிலருந்து. சுட்டுப் பழகற மைதானத்துல என் கூடுங்க காணாமப் போகுது. மருந்தடைக்கப் புதுக் கூடு கடையில கிடைக்கறதில்ல. யாரோ பொறுக்கிட்டுப் போறாங்க."

"அங்க உன் பக்கத்துல நிக்கறது நான் மட்டும்தானே."

"நான் பேரே சொல்லலையே."

 அண்ணன் போல்ட் ஓடும் தடத்தின் கடைசியில் துருத்திக்கொண்டிருந்த சின்ன இரும்பு முளையை விரலால் தொட்டுக் காட்டினார். "இதுல கூட்டைத் தள்ள ஸ்பிரிங் கிடையாது. போல்ட் பின்னால வந்து இந்த முளையில மோதினாத்தான் கூடு தெறிக்கும். நீ இழுக்கற வேகம்தான் அது தெறிக்கற வேகம். நீ தூங்கற குழந்தையைத் தூக்கற மாதிரி இழுக்கற. அது தூங்காம என்ன செய்யும்?"

இவர் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். பறந்தது. மெல்ல இழுத்தார், படுத்தது. மறுபடி, மறுபடி. அண்ணன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"பனியில விழுந்தா கூடு போயிடுமே" என்றார் இவர் கடைசியில்.

"கூடு போகட்டும். உன் வீட்டு உறைபெட்டி காலியா இருக்குன்னு தங்கச்சி நேத்து வாயே திறக்கல. நான்தான் ஐஸ் எடுக்கத் திறந்தப்ப பார்த்தேன். அப்புறம் எனக்குப் பூசணி பை எறங்கல. காலையில கோவேறு கழுதையோட வர்றேன்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் இறங்கி வந்தார்கள். கழுதை முதுகில் நான்கு பெரிய துண்டங்கள். முதல் குண்டு கிளையில் பட்டதாம். இவர் போல்ட்டை இழுத்த வேகத்தில் கூடு அண்ணன் தொப்பியில் அடித்ததாம். இரண்டாவதில் பெட்டை விழுந்துவிட்டது.

யார் சுட்டாலும் பாதிப் பாதி என்பது எங்கள் வழக்கம். கொட்டகையில் பங்கு பிரிக்கும்போது இவர் கத்தியை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். அன்று, "நீ பிரிச்சு வை மச்சான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காபி கேட்டார். பாதிக் கோப்பை வரை தாங்கினார்.

"ஆர்டிஸ், சும்மா எட்டிப் பாரு. என்ன பண்றான்?"

பார்த்தேன். "முதுகுச் சதையை முழுசா நம்ம தொட்டியில போடறாரு."

மானிலேயே மெத்தென்ற துண்டம் அதுதான். அவர் காபியை மெதுவாக ஊதினார்.

"எதுக்குப் போடறான்?" என்றார்.